சுங்கானும் சரித்திரமும்

பழைய பொருள்களைத் தேடிச் சேர்ப்போரை நம் சமுதாயம் இருவகையாக நோக்குவதுண்டு. ஒரு சாரார் அவர்களைப் பொழுதுபோகாத செல்வர் எனத் தள்ளிவிடுவர். மறு சாரார் பழமையைப் பேணும் பண்பாளர் எனப் போற்றுவர். இரண்டும் அவசர முடிவுகளே. ஒருவர் எதனைச் சேர்க்கிறார் என்பதைக் காட்டிலும், சேர்த்த பொருளில் எதனைப் பார்க்கிறார், எதனைப் பாராது விடுகிறார் என்பதே ஆராயத்தக்கது. இக்கருத்தை விளக்குதற்குப் புகையிலைச் சுங்கானை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பொருளில் நானூறு ஆண்டுக்கால உலக வரலாறு உறைந்து கிடக்கின்றது.

ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் பழைய சுங்கான்களைச் சேகரித்துப் பழுதுநீக்கும் வழக்கம் பரவலாக உண்டு. இறந்தவரின் வீட்டுப் பொருள்கள் ஏலம் கூறப்படும் இடங்களிலும் பழைய சாமான் சந்தைகளிலும், கரிபிடித்து, வாய்ப்பகுதி நிறம் மங்கி, பற்குறிகளோடு கிடக்கும் சுங்கானைச் சிறு விலைக்கு வாங்குகின்றனர். பின்னர் பொறுமையாக இருந்து துப்புரவாக்கி, மெருகேற்றி, புதியது போலாக்குகின்றனர். தண்டின் பக்கத்திற் பொறிக்கப்பட்டிருக்கும் சிறு எழுத்துக்களைக் கொண்டு அதனைச் செய்வித்த கம்பனி எது, அது எக்காலத்தது என்று கணிக்கின்றனர். இத்துறையில் அவர்கள் பெற்றிருக்கும் நுண்ணறிவு வியக்கத்தக்கது. தொழிற்சாலைகளின் பழைய விலைப்பட்டியல்களைத் தேடி எடுத்து, பொறிப்புகளை ஒப்புநோக்கி, கால வரிசைப்படுத்தியோர் பலர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாத சாதாரண ஆர்வலரே. ஆயினும், அந்தச் சுங்கானைக் கடைந்தவன் யார், மெருகிட்டவள் யார், அதனைப் பற்களிடையே கவ்விக்கொண்டு பாரஞ் சுமந்தவன் யார் என்ற வினாக்கள் அவர்களிடையே அரிதாகவே எழுகின்றன. அவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

தொடங்குமுன் ஒன்று கூறல் வேண்டும். புகைத்தலைப் போற்றுவது எமது நோக்கமன்று. 1950ஆம் ஆண்டில் ரிச்சர்ட் டொல், பிராட்போர்ட் ஹில் ஆகிய இரு பிரித்தானிய ஆய்வாளர்கள் புகைத்தலுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பினை எடுத்துக்காட்டினர். சுங்கான் பிடிப்போரை வாய்ப் புற்றுநோயும் உதட்டுப் புற்றுநோயும் பற்றுவதும் அறியப்பட்டதே. எனினும், தீமை விளைத்த ஒரு பொருள் வரலாற்று ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. சவுக்கும் விலங்கும் அரும்பொருட் சாலைகளிற் காட்சிக்கு வைக்கப்படுவது அவற்றைப் போற்றுதற்காக அன்றே.

புகையிலை அமெரிக்கப் பழங்குடி மக்களின் பயிர். சுங்கானும் அவர்களிடமிருந்து ஐரோப்பியர் கற்றுக்கொண்டதே. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவையிரண்டும் இங்கிலாந்தை அடைந்தன. அங்கு வெண்களிமண்ணால் சுங்கான் வனையும் தொழில் தோன்றியது. தொடக்கத்திற் புகையிலை விலை மிகுந்த பண்டம். ஆகவே அக்காலத்துச் சுங்கானின் கிண்ணம் சுண்டுவிரலின் நுனி புகுமளவே இருந்தது. 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னன் புகையிலையைக் கண்டித்துத் தானே ஒரு நூல் எழுதி வெளியிட்டான். அதே மன்னன் 1619இல் வெஸ்ட்மினிஸ்டரிலிருந்த சுங்கான் வினைஞர் சங்கத்துக்குப் பட்டயம் வழங்கினான். அறநூல் எழுதிய கை வரிப்பணத்தைக் கண்டதும் பட்டயத்திற் கையொப்பமிட்டது எனலாம்.

1619ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டின் ஓகஸ்ட் மாத இறுதியிலே, இங்கிலாந்தின் புகையிலைக் குடியேற்றமான வெர்ஜீனியாவிற் சிறைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கர் இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் கரையிறக்கப்பட்டனர். அக்குடியேற்றத்திலே 1612ஆம் ஆண்டளவில் ஜோன் ரொல்ப் என்பவர் தொடக்கிவைத்த புகையிலைச் செய்கை விரைந்து பெருகியது. முதலில் ஒப்பந்தத்தாற் கட்டுண்ட ஆங்கில ஏழைகளும், 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பெருந்தொகையான ஆபிரிக்க அடிமைகளும் அவ்வயல்களில் உழைத்தனர். புகையிலையின் விலை வீழ்ந்தது. இலண்டனிற் சுங்கானின் கிண்ணம் பெருத்தது. சேகரிப்போர் கிண்ணத்தின் அளவைப் பார்த்தே சுங்கானின் காலத்தைக் கூறுவர். அது சரியான முறையே. ஆனால், கிண்ணம் ஏன் பெருத்தது என்று கேட்டுக்கொண்டு செல்பவர் அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து புகையிலை வயல்களிற் போய் நிற்பர்.

காலங்கணிக்கும் முறைகளுள் மற்றொன்று மிகச் சுவையானது. களிமண் சுங்கானின் தண்டிலுள்ள துளை, ஈரமண்ணினூடே கம்பி செலுத்தி ஆக்கப்படுவது. காலப்போக்கில் தண்டு நீண்டது, துளையும் சிறுத்தது. 1954இல் ஹரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்லியலாளர், உடைந்த தண்டுகளின் துளைகளைச் சாதாரணத் துளைகருவியின் அலகுகளால் அளந்து ஓர் உண்மையைக் கண்டார். 1590 முதல் 1620 வரையான காலத்துத் தண்டுகளிற் பெரும்பாலானவற்றின் துளை, ஓர் அங்குலத்தின் 64இல் 9 பங்கு விட்டமுடையது. 1750க்கும் 1800க்கும் இடைப்பட்டவற்றில் அது 64இல் 4 பங்காகக் குறைந்திருந்தது. 1962இல் லூயிஸ் பின்போர்ட் இதனை ஒரு கணிதச் சூத்திரமாக வகுத்தார். மன்னனின் நாணயமோ கல்வெட்டோ கிடையாத ஓரிடத்தில், ஏழைகள் உடைத்தெறிந்த சுங்கான் தண்டுகளே காலங்காட்டும் கருவியாயின. சிங்காசனங்கள் கூறாததைக் குப்பைமேடு கூறியது.

குப்பைமேட்டில் அவை இத்துணை மிகுதியாகக் கிடைப்பதற்கும் சமுதாயக் காரணம் உண்டு. களிமண் சுங்கான் மலிவானது, எளிதில் உடையக்கூடியது. மதுக்கடைகளில் வாடிக்கையாளருக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. கரிபிடித்த சுங்கானை நெருப்பிலிட்டுச் சுட்டால் மீண்டும் வெளுத்துவிடும். அடுத்தவர் வாயில் வைப்பார். அதனை வனைந்தோர் பெரும்பாலும் வீட்டையே தொழிற்களமாகக் கொண்ட சிறு குடும்பத்தினர். கணவன் அச்சிலிட்டு அழுத்த, மனைவியும் பிள்ளைகளும் விளிம்பைச் சீவி வழவழப்பாக்கினர். ஹொலந்திலுள்ள கௌடா நகரிலும், இங்கிலாந்தின் புரோஸ்லியிலும் இத்தொழிலால் ஊரே வாழ்ந்தது. தேம்ஸ் நதியின் வற்றுக்காலக் கரையில் இன்றும் இச்சுங்கான் துண்டுகள் சேற்றிற் புதைந்து கிடக்கின்றன. உரிய அனுமதி பெற்றோர் அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கின்றனர். சில துண்டுகளின் அடிப்பகுதியில் வனைந்தவரின் பெயருக்குரிய முதலெழுத்துக்கள் இரண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அச்சிறு எழுத்துக்களின் மூலமே சில எளிய மாந்தரின் பெயர் நம் காலம்வரை வந்து சேர்ந்துள்ளது.

தண்டின் நீளத்திலும் வர்க்க வேறுபாடு தென்படுகின்றது. நாற்காலியிற் சாய்ந்து இரு கைகளுக்கும் ஓய்வு கொடுத்துப் புகைப்பவனுக்கு ஒரு முழத்துக்கும் மேலாக நீண்ட தண்டு பொருந்தும். புகை குளிர்ந்து வரும். சுமை தூக்குபவனும், மண் வெட்டுபவனும், துறைமுகத்திற் கயிறிழுப்பவனும் அத்தண்டை எங்ஙனம் பிடித்துக்கொள்வர்? அவர்களுக்கு உரியது மூக்கடியில் நின்று புகையும் குட்டைச் சுங்கான். கைகள் வேலையில் இருக்க அதனைப் பற்களாலேயே இறுகக் கவ்விக்கொள்ளல் வேண்டும். இலண்டனில் 19ஆம் நூற்றாண்டின் ஏழை மக்கள் புதைக்கப்பட்ட இடுகாடுகளை ஆராய்ந்தோர், பல மண்டையோடுகளின் பல்வரிசையில் வட்டமான தேய்வுகளைக் கண்டனர். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும்போது நடுவே சுங்கான் தண்டின் பருமனுக்கு ஒரு துவாரம் தோன்றும். சுங்கான் உடைந்து மறைந்தது. உழைப்பாளியின் பல்லில் அதன் வடிவம் நிலைத்தது. துருக்கியின் எஸ்கிஷெகிர்ப் பகுதியில் அகழப்பட்டு, வியன்னாவிற் சிற்ப வேலைப்பாடு செய்யப்பெற்ற கடல்நுரைக்கற் சுங்கான்கள் பட்டுவிரித்த பேழைகளில் முழுமையாக எஞ்சியிருக்கின்றன. எது முழுமையாகவும் எது துண்டுகளாகவும் எஞ்சும் என்பதைக்கூட உடைமையே தீர்மானித்திருக்கின்றது.

இனி, இன்றைய சேகரிப்போர் மிகவும் விரும்பும் மரச்சுங்கானுக்கு வருவோம். பெரும்பாலான மரங்கள் நெருப்புப் பட்டதும் கருகிவிடும். மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த கோர்சிக்கா, கலாப்ரியா, அல்ஜீரியா முதலிய இடங்களில் வளரும் ஒருவகைப் புதர்மரத்தின் வேருக்கும் தண்டுக்கும் இடையிலே மண்ணுட் பருத்திருக்கும் முண்டு அவ்வாறன்று. கடினமும் வெப்பந் தாங்கும் இயல்பும் உடையது. பிரெஞ்சு மொழியில் இம்மரத்தின் பெயர் புரூயேர். ஆங்கிலேயர் அதனைப் பிரையர் எனத் திரித்துக்கொண்டனர். இம்முண்டு பயன்தரும் அளவுக்குப் பருக்கப் பல பத்தாண்டுகள் செல்லும். காய்ந்தால் வெடித்துவிடுமாதலால், மலைச்சரிவில் தோண்டியெடுத்தோர் அதனை ஈரம் உலராது காத்து, வாள்பட்டறைக்குக் கொண்டுவருவர். அங்கு அளவான கட்டைகளாக அறுத்து, செப்புக் கொப்பரைகளிற் பல மணிநேரம் அவித்துத் துவர்ப்பை நீக்கி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்துவர். சுழலும் வாளின் முன் நின்று, ஒவ்வொரு முண்டின் உட்குறையையும் கணப்பொழுதிற் கண்டு அறுப்பவனின் கைகளே இத்தொழிலின் அடித்தளம். அக்கைகளிற் சில விரல்களை இழந்தவை.

இக்கட்டைகள் சென்று சேர்ந்த இடங்களுள் முதன்மையானது, பிரான்சின் யூரா மலைப்பகுதியிலுள்ள சேன்-குளோட் நகரம். துறவிமடத்தை நாடிவந்த யாத்திரிகருக்கு மரப்பொருள்கள் கடைந்து விற்று வாழ்ந்த ஊர் அது. 1850களின் நடுப்பகுதியில் பிரையர் மரம் அங்கு அறிமுகமாயிற்று. சில பத்தாண்டுகளுள் உலகின் சுங்கான் தலைநகர் என்னும் நிலையை அது எய்தியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கு இத்தொழிலைச் செய்தனர். ஒரு கட்டை சுங்கானாவதற்குள் பல பத்துக் கைகள் மாறியது. கடைபவர் ஒருவர், துளையிடுபவர் ஒருவர், அராவுபவர் ஒருவர் என வேலை துண்டுபட்டது. மெருகிடும் வேலையிற் பெண்கள் பெருந்தொகையாக அமர்த்தப்பட்டனர். பட்டறைகளை நிறைத்த செந்நிற மரத்தூளை நாள்தோறும் சுவாசித்தே அவர்கள் அம்மெருகை உண்டாக்கினர்.

அவ்வூர்த் தொழிலாளர் தம் விதியை நொந்துகொண்டு வாளாவிருந்தாரல்லர். 1881இல் அங்கு ‘லா பிரதர்னெல்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சகோதரத்துவம் என்பது அப்பெயரின் பொருள். உணவுப் பண்டங்களை நியாய விலைக்கு வழங்குதற்காகத் தொடங்கிய சங்கம், ஆன்றி பொனார் முதலிய சோசலிசவாதிகளின் வழிகாட்டலிற் புதியதொரு பாதையை மேற்கொண்டது. இலாபத்தை உறுப்பினர்க்குத் தனித்தனியே பங்கிடுவதை விடுத்து, நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் உதவும் பொது நிதியாக்கியது. 1910இல் மக்கள் இல்லம் என்னும் பெருங்கட்டிடம் திறக்கப்பட்டது. பண்டகசாலை, தேநீர்ச்சாலை, நூலகம், அச்சகம், நாடக அரங்கு ஆகியன ஒரே கூரையின்கீழ் அமைந்தன. பகலிற் சுங்கான் கடைந்தவர் மாலையில் அங்கு நூல் வாசித்தனர்; நாடகம் ஆடினர். கூட்டுறவுத் துறையில் சேன்-குளோட் வழி என ஒரு தனிநெறியே பேசப்பட்டது. அக்கட்டிடம் இன்றும் கலை இலக்கிய நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகின்றது.

இரண்டாவது உலகயுத்த காலத்தில் நாற்சி ஆக்கிரமிப்பை எதிர்த்து யூரா மலைகளிற் போராடியோர்க்கு இவ்வூர் உணவும் புகலும் அளித்தது. அதற்கு விலையும் கொடுத்தது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி உயிர்த்த ஞாயிறு. அன்று கிளவுஸ் பார்பியின் தலைமையில் வந்த படையினர் ஊரின் ஆண்களைச் சதுக்கத்திற் கூட்டி, 300க்கும் மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றனர். அவர்கள் பூகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர், பலர் திரும்பிவரவில்லை. யுத்தத்துக்கு முந்திய சேன்-குளோட் சுங்கானொன்று இன்று ஒருவரின் கைக்கு வருமாயின், அதைக் கடைந்தவர்க்கு அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தல் தகும். சுங்கானில் அதைக் கூறும் எழுத்து எதுவும் இல்லை.

சுங்கானில் உள்ள எழுத்துக்கள் யாருடையவை? விற்றவர்களுடையவை. சேன்-குளோட்டிற் கடையப்பட்ட கிண்ணங்கள் பெட்டி பெட்டியாக இலண்டனுக்குச் சென்றன. அங்கு அவற்றுக்கு வாய்ப்பகுதி பொருத்தி, இலண்டன் வணிகர் தம் பெயரைப் பொறித்தனர். அவ்வூரின் சுங்கான் தொழிற் குடும்பமொன்றிற் பிறந்த ஆன்றி கொமோய் என்பவர் 1879இல் இலண்டனுக்கே குடிபெயர்ந்து தொழிற்சாலை நிறுவினார். அவர் பெயர் பொறித்த சுங்கான்களை இன்று சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர். கம்பனியின் பெயர் நிலைத்தது. கிண்ணத்தைக் கடைந்து அனுப்பியவரின் பெயர் பொறிக்கப்படவேயில்லை. பெயரைப் பொறிப்பது உடைமை உரிமையின் அடையாளமாயிற்று, உழைப்பின் அடையாளமாகவில்லை.

எனினும், அதே பொறிப்பு சிலவேளை வணிகர் எண்ணியதற்கும் மேலாகப் பேசிவிடுகின்றது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் பீட்டர்சன் நிறுவனம் செய்த சுங்கான்களை எடுத்துக்கொள்வோம். ‘ஐரிஷ் சுதந்திர அரசு’ என்ற பொறிப்பிருந்தால் அது 1922இல் அவ்வரசு தோன்றியதன் பின்னர் ஆக்கப்பட்டது. ‘ஏர்’ என்னும் நாட்டுப் பெயர் இருந்தால், 1937இன் புதிய அரசமைப்புக்குப் பிந்தியது. ‘அயர்லாந்துக் குடியரசு’ என்றிருந்தால், 1949இல் அந்நாடு பிரித்தானிய முடியோடிருந்த கடைசித் தொடர்பையும் அறுத்துக்கொண்டதன் பின்னரானது. ஒரு மக்களினம் படிப்படியாக விடுதலை பெற்ற கதையை மரத்துண்டின் பக்கத்தில் மூன்று சொற்றொடர்களாக வாசிக்கலாம். விலையை மதிப்பிடுதற்காகவே இதனை மனனஞ் செய்வோர் ஒரு கணம் நின்று அதன் பொருளையும் எண்ணுவாராயின் எத்துணை நன்று.

சில சுங்கான்களின் தண்டிலே வெள்ளி வளையம் உண்டு. இங்கிலாந்தில் வெள்ளியின் தரத்தைச் சோதித்து முத்திரையிடும் அலுவலகங்கள் இருந்தன. நங்கூரம் பேர்மிங்ஹாமைக் குறிக்கும். சிறுத்தையின் தலை இலண்டனைக் குறிக்கும். நடக்கும் சிங்கம் வெள்ளியின் தூய்மைக்குச் சான்று. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து இருந்தமையால், ஏறத்தாழ எந்த ஆண்டில் அவ்வளையம் சோதிக்கப்பட்டது என்று இன்றும் கூறமுடிகின்றது. சிறிதளவு வெள்ளிக்கு இவ்வளவு கவனமாகச் சான்றிதழ் வழங்கிய சமுதாயம், அதை வளைத்துப் பொருத்திய தொழிலாளியைப் பற்றி ஒரு குறியும் இடவில்லை. உலோகத்திற் கலப்படம் நேராது காத்தது சட்டம். மனிதனின் சுவாசத்தில் தூசு கலவாது காக்கும் சட்டம் மிகப் பிந்தியே வந்தது.

வாய்ப்பகுதிக்கு வருவோம். கருநிறமான அப்பகுதி பெரும்பாலான பழைய சுங்கான்களில் எபனைட் என்னும் கடின றப்பராலானது. றப்பருடன் மிகுதியான கந்தகம் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் அது கொம்புபோல் இறுகும். சார்ள்ஸ் குட்இயர் றப்பரைக் கந்தகத்தாற் பதப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றது 1844இல். ஆண்டுகள் செல்ல, வெளிச்சம் பட்டுப்பட்டு எபனைட்டின் மேற்பரப்பு பச்சையும் மண்ணிறமுமாக மங்கும். கந்தக நாற்றம் வீசும். பழுதுநீக்குவோர் பெரும்பொழுதைச் செலவிடுவது இம்மங்கலைப் போக்குதற்கே.

அம்மங்கலைத் தேய்த்து நீக்குபவர் அதன் அடியிலுள்ள றப்பரின் வரலாற்றையும் அறிந்துகொள்ளல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உலகச் சந்தைக்கு வந்த றப்பரில் ஒரு பகுதி, பெல்ஜிய மன்னன் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை தன் தனிச்சொத்தாக ஆண்ட கொங்கோவிலிருந்து வந்தது. குறித்த அளவு றப்பரைச் சேர்த்துக் கொடாத மக்களின் கிராமங்கள் எரிக்கப்பட்டன, கைகள் வெட்டப்பட்டன. இன்னொரு பகுதி தென்னமெரிக்காவின் புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில் பழங்குடி மக்களைச் சவுக்காலடித்துப் பெறப்பட்டது. இவ்விரு கொடுமைகளையும் நேரிற் கண்டு அறிக்கை எழுதியவர் ஒருவரே: ரோஜர் கேஸ்மன்ட். கொங்கோ அறிக்கை 1904இலும் புட்டுமாயோ அறிக்கை 1912இலும் வெளிவந்தன. பிரித்தானிய அரசு அவருக்குப் பட்டம் வழங்கியது; பின்னர் தம் தாய்நாடான அயர்லாந்தின் விடுதலைக்காக உழைத்த குற்றத்துக்காக 1916இல் அவரைத் தூக்கிலிட்டது. டப்ளினிற் செய்த சுங்கானில் ‘சுதந்திர அரசு’ என்ற சொல் ஏறியது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னரே.

கதை நம் வாசலுக்கும் வருகின்றது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 றப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்த கன்றுகளுள் ஏறத்தாழ 1,900 அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்துள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. பின்னர் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் றப்பர்த் தோட்டங்கள் பரந்தன. விடியுமுன் எழுந்து மரந்தோறும் சென்று பட்டை சீவிப் பாலெடுத்தோருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும், சுற்றுப்புறக் கிராமங்களின் சிங்களத் தொழிலாளரும் இருந்தனர். அத்தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோரை 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. குறித்த ஒரு சுங்கானின் வாயில் இருப்பது எந்த மரத்தின் பாலென்று எவராலும் கூற இயலாது. கூறமுடியாதவாறு எல்லா மரத்தின் பாலையும், எல்லாக் கைகளின் உழைப்பையும் ஒன்றாக்கி விலையாக மாற்றிவிடுவதே சந்தையின் இயல்பு.

இவற்றை மனத்திற் கொண்டு பழுதுநீக்கும் மேசையை நோக்குவோம். அங்கு நடைபெறும் வேலை கைத்திறன் மிக்கது. கிண்ணத்தின் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டி, ஒரு நாணயத் தடிப்பளவு மட்டும் விட்டுவைப்பர். உப்பும் சாராயமும் இட்டு ஓர் இரவு வைத்துப் பழைய கசட்டை உறிஞ்சச் செய்வர். பள்ளம் விழுந்த மரத்தின்மேல் ஈரத்துணி விரித்துச் சூடான இரும்பை ஒற்றினால், ஆவியால் மரம் மீண்டும் பொங்கியெழும். இறுதியில் மெழுகிட்டு மினுக்குவர். வீசியெறிதலே நாகரிகம் எனக் கற்பிக்கும் இன்றைய வாணிக உலகில், பழுதானதைத் திருத்தி மீண்டும் பயன்கொள்ளும் இம்மனப்பாங்கு போற்றத்தக்கதே. பொருளைத் திருத்தப் பழகிய கைக்கு, அதனை முதலிற் செய்த கையின் அருமை புலனாதல் எளிது.

ஆனால் மினுக்கும் ஆசைக்கு எல்லை வேண்டும். விரைந்து சுழலும் துணிச்சக்கரத்திற் சற்று அதிகமாக அழுத்தினால், நூறாண்டு எழுத்து ஒரு நொடியில் அழிந்துவிடும். அனுபவமுள்ள சேகரிப்போர் இதனை நன்கறிவர். எழுத்திருக்கும் பக்கத்தைத் தொடவும் அஞ்சுவர். நம்மூரிற் பெயர் வெட்டிய செம்பைப் புளியிட்டு நாள்தோறும் துலக்கித் துலக்கிப் பாட்டனின் பெயரை மழுங்கச் செய்த கதை பல வீடுகளில் உண்டு. எழுத்தைக் காக்கும் அவர்கள் பற்குறியைக் காப்பதில்லை. அதனைக் குறைபாடெனக் கருதி, சூடுகாட்டி நிமிர்த்தி, பசையிட்டு நிரப்பி, அராவி மறைத்துவிடுகின்றனர். விற்றவனின் பெயர் ஆவணம். பிடித்தவனின் பற்குறி அழுக்கு. இந்தப் பாகுபாட்டைத்தான் நாம் கேள்விக்குட்படுத்துகிறோம்.

அழுக்கெனத் தோன்றுவது எத்துணைப் பெரிய ஆவணமாகலாம் என்பதற்கு அண்மைக்கால ஆய்வொன்று சான்றாகின்றது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெல்வோர் என்னும் பழைய பண்ணையில், அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பின் அடித்தளம் அகழப்பட்டது. அங்கு கிடைத்தவற்றுள் ஏறத்தாழ 200 ஆண்டு பழமையான களிமண் சுங்கான் தண்டின் துண்டுகளும் இருந்தன. சுட்ட களிமண் நுண்துளைகள் உடையது. புகைத்தவரின் உமிழ்நீரை உறிஞ்சிக்கொள்வது. ஒரு துண்டிலிருந்து விஞ்ஞானிகள் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். 2019இல் வெளியான அவ்வாய்வின்படி, அச்சுங்கானைப் புகைத்தவர் ஒரு பெண். அவரது முன்னோர் மேற்கு ஆபிரிக்காவில், இன்றைய சியராலியோன் நாட்டில் வாழும் மெண்டே மக்களோடு நெருங்கிய உறவுடையோர்.

இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். அடிமையாக்கப்பட்டோரைப் பண்ணைக் கணக்கேடுகள் விலையாகவும் எண்ணிக்கையாகவுமே பதிந்தன. எந்த மண்ணிலிருந்து, எந்த மக்களிடமிருந்து அவர்கள் பிரிக்கப்பட்டனர் என்பதை எசமானர் எழுதிவைக்கவில்லை. எழுத்திலே மறைக்கப்பட்டது, ஓய்வுவேளையில் அப்பெண் வாயில் வைத்திருந்த மலிவான மண்துண்டிலே எஞ்சியது. அதனைக் கண்டெடுத்தவர் அக்காலத்து மதுக்கடைக்காரரைப் போல நெருப்பிலிட்டு வெளுக்கச் செய்திருந்தால் அது அழகாயிருந்திருக்கும். அப்பெண் இரண்டாம் முறையும் மறைந்திருப்பாள்.

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோசிலும் இதற்கிணையான சான்றுண்டு. அங்குள்ள நியூட்டன் கரும்புத் தோட்டத்தின் அடிமைகள் இடுகாடு 1970களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டது. ஒரு முதிய மனிதர் சோகி, கண்ணாடி மணி, நாய்ப்பல் முதலியவற்றாலான மாலையோடும், குட்டையான ஒரு மண்சுங்கானோடும் புதைக்கப்பட்டிருந்தார். அச்சுங்கான் ஐரோப்பிய வெண்களிமண்ணாலானதன்று. இன்றைய கானா நாட்டின் பாணியில் அமைந்தது. உடலைத் தவிர வேறொன்றும் உரிமையில்லையென ஆக்கப்பட்ட மக்கள், அவ்வுடலும் தமதல்ல என்று கூறப்பட்ட நிலையிலும், தம்முள் மதிப்புக்குரிய ஒருவரைத் தம் முறைப்படி வழியனுப்பினர். அச்சுங்கான் தோட்ட முதலாளியின் கணக்கிற் சேராத ஒரு பண்பாட்டின் சாட்சியாகும்.

ஆகவே, பழைய சுங்கான்களைச் சேர்ப்போரிடம் அவ்வார்வத்தைக் கைவிடுமாறு நாம் கேட்கவில்லை. அதனை ஆழப்படுத்துமாறே கேட்கிறோம். துப்புரவாக்குமுன் கிடைத்த நிலையிற் படமெடுத்து, எங்கு யாரிடமிருந்து கிடைத்தது என்று குறித்துவைத்தல் வேண்டும். மண்ணிலிருந்து கிடைக்கும் துண்டை இடம் அறியாது பெயர்த்தெடுத்தலும், கண்டவுடன் கழுவுதலும் ஆகா. பயன்பாட்டுக்கு இடையூறில்லாத தழும்புகளை விட்டுவைத்தல் வேண்டும். விவரப் பட்டியலில் கம்பனியின் பெயருக்கு அருகே, கட்டை வந்த மலை, கடைந்த ஊர், றப்பர் வந்த நாடு ஆகியவற்றையும் அறிந்த அளவில் எழுதுதல் வேண்டும். இவ்வாறு செய்யும் சேகரிப்பாளர், வணிகர்களின் பெருமையைக் காப்பவர் என்ற நிலையினின்றும் உயர்ந்து, மக்கள் வரலாற்றின் ஆவணக் காப்பாளராகின்றார்.

வகுப்பறையில் நிற்கும் நமக்கும் இதிற் பாடமுண்டு. பாடநூல் வரலாறு நன்கு மினுக்கப்பட்டது. அதிலே பொறிப்புகள் பளிச்சிடுகின்றன; பற்குறிகளைக் காணோம். மாணவரிடம் ஒரு பழம்பொருளைக் கொடுத்து, இதனைச் செய்வித்தவன் யார் என்பதோடு நிறுத்தாது, செய்தவன் யார், மூலப்பொருளைத் தோண்டியவன் யார், தேயத்தேயப் பயன்படுத்தியவன் யார் என்று நான்கு வினாக்களை எழுதச் சொல்வோமாயின், ஒரு தவணைப் பாடம் கற்பிக்க முடியாததை அவர்கள் தாமே கண்டறிவர். விடை கிடையாத வினாவையும் அவர்கள் எழுதிவைக்கட்டும். பெல்வோர்ப் பெண்ணைப் பற்றிய வினாவுக்கு விடை வர இருநூறு ஆண்டுகள் சென்றன. துண்டு அழியாது எஞ்சியிருந்தமையால் அது வந்தது.